இரண்டில் ஒன்று பழுது

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை செய்யும் இடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், எழுதவில்லை. மட்டக்களப்பு வாவிக் கரையில் இரவு பகல் பாராமல் டெலிபோன் அடிக்கும் ஒரு கட்டிடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் பதிலை எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் நிலைமை இது. ராக்கில் இரண்டு சேர்வர் கார்டுகள். ஒன்றில் மாதக்கணக்காகச் சிவப்பு விளக்கு. மற்றது ஓடுகிறது, கோல் எல்லாம் போகிறது, வருகிறது. "ஓடுதுதானே, பிறகு பார்ப்பம்" என்று மேலிடம் சொல்லிச் சொல்லி, இப்போது ஒருவழியாகக் கொழும்பிலிருந்து மாற்றுக் கார்ட் வந்து பெட்டியோடு மேசையில் இருக்கிறது. மாற்றும் வேலை உங்கள் தலையில். கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நடுங்கட்டும். இந்த வேலையில் கை நடுங்காத ஆளிடம்தான் எனக்குப் பயம்.

முதலில் இரண்டு ஏன் வைத்தார்கள் என்பதைச் சொல்கிறேன், உங்கள் மேலாளருக்கும் வாசித்துக் காட்டலாம். பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சுகளில் மூளை என்று தனியாக ஒன்றுமில்லை. சவ அடக்கத் தொழில் செய்த அல்மன் ஸ்ட்ரோஜர் என்ற அமெரிக்கர் 1891இல் காப்புரிமை வாங்கிய முறை அது. நீங்கள் டயலைச் சுற்றச் சுற்ற ஒரு செலக்டர் டக் டக்கென்று ஏறித் திரும்பி உங்கள் கோலைக் கொண்டுபோகும். அந்தச் செலக்டர் சிக்கிக்கொண்டால் கெடுவது உங்கள் கோல் மட்டும். அடுத்த வீட்டுக்காரர் பேசிக்கொண்டே இருப்பார். 1965 மே மாதம் நியூ ஜேர்சியின் சக்கசன்னா என்ற ஊரில் பெல் நிறுவனம் 1 ஈஎஸ்எஸ் எக்ஸ்சேஞ்சைத் திறந்தபோது இந்த வசதி போய்விட்டது. புரோகிராமால் ஓடும் எக்ஸ்சேஞ்ச். ஊர் முழுவதுக்கும் ஒரே மூளை. அது நின்றால் ஊரே ஊமை. ஆகவே 40 ஆண்டுகளில் மொத்தம் 2 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று இலக்கு வைத்து, புரொசெசரை இரட்டையாக வைத்தார்கள். இரண்டும் ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் செய்யும். விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு சுற்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் எது பிழை என்று கண்டுபிடிப்பதற்கே பெரிய பெரிய சோதனைப் புரோகிராம்கள் எழுத வேண்டியிருந்தது. பிறகு வந்த எரிக்சன் ஏஎக்ஸ்ஈயும் இதே வழியில்தான் போனது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது நோர்டெல் சிஎஸ் 1000இ. அதில் இரண்டும் ஒன்றாக வேலை செய்வதில்லை. ஒன்று கோல்களைக் கவனிக்கும், மற்றது காத்திருக்கும். நடுவிலுள்ள கேபிள் வழியாக, ஓடும் பக்கம் தன் நினைவில் மாறுவதையெல்லாம் காத்திருக்கும் பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஓடுவது விழுந்தால் காத்திருப்பது எழும். நோர்டெல் என்ற கனடாக் கொம்பனி 2009 ஜனவரி 14இல் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டுப் போனது. அதே ஆண்டில், இந்தச் சிஸ்டங்களைச் செய்த அதன் பிரிவை அவாயா வாங்கியது. ஆகவே உங்கள் மேசையில் இருப்பது ஏதோ ஒரு நாட்டில் கழற்றித் துடைத்து விற்ற பழைய கார்டாக இருக்கக் கூடிய வாய்ப்பு அதிகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

"ஓடுதுதானே" என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கார்ட் சராசரியாகப் பத்து ஆண்டுக்கு ஒரு முறை பழுதாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கணக்குக்காக எடுத்த எண். ஒன்று விழுந்து, இரண்டு நாளில் நீங்கள் மாற்றிவிட்டால், அந்த இரண்டு நாளுக்குள் மற்றதும் விழ ஏறக்குறைய 1,800க்கு ஒரு வாய்ப்பு. ஆறு மாதம் விட்டு வைத்தால் 20க்கு ஒன்று. கார்ட் அதேதான், ராக் அதேதான். இரட்டைச் சிஸ்டத்துக்குக் கொடுத்த காசில் பெரும்பங்கு அந்த இரண்டு நாளுக்குள் மாற்றுவதற்காகக் கொடுத்தது. மாற்றாமல் விட்டால் நீங்கள் வைத்திருப்பது ஒற்றைச் சிஸ்டம். இரட்டை விலை கொடுத்து வாங்கியது என்பது மட்டும்தான் வித்தியாசம். இதில் கொடுமை என்னவென்றால், ஒற்றைச் சிஸ்டம் விழுந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாருக்கும் தெரியும். இரட்டையில் ஒன்று விழுந்தால் சிவப்பு விளக்குக்கு மட்டும்தான் தெரியும். ஏசி அறைக் கதவு பூட்டியிருக்கும்.

இத்தனை மாதம் ஆனதற்கு உங்கள் மேலாளரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2020 முதல் இறக்குமதிக் கட்டுப்பாடு, 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது, கொட்டேஷன் கேட்டால் டொலரில் வந்தது. அந்தக் காலத்தில் எத்தனையோ இடங்களில் இப்படிச் சிவப்பு விளக்கோடு வாழப் பழகிவிட்டார்கள். நெருக்கடி குறைந்த பிறகும் பழக்கம் போகவில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

மேலே போட்ட கணக்கும் உண்மையில் நமக்குச் சாதகமாகப் போட்டது. இரண்டு கார்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் பழுதாகும் என்று அது எடுத்துக்கொள்கிறது. உங்கள் அறையில் அப்படியா? இரண்டும் ஒரே வயது. ஒரே யூபிஎஸ். பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு வாய் திறக்கும் வாவியின் உப்புக் காற்றை இரண்டும் ஒன்றாகவே குடித்திருக்கின்றன. 1984இல் தொடங்கிய இந்தியாவின் சி-டாட் நிறுவனம், கிராமங்களுக்கென்று 128 போர்ட் எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தபோது ஏசி இல்லாமலே வெயிலிலும் தூசியிலும் ஓட வேண்டும் என்று முடிவு செய்துதான் வேலையைத் தொடங்கினார்கள். 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலாவதை வைத்தார்கள். உங்கள் கார்டை வடிவமைத்தவர்கள் குளிர்ந்த, காய்ந்த அறையை மனதில் வைத்து வடிவமைத்தவர்கள். அந்த அறையில் ஏசி நின்றால் இரண்டு கார்டுக்கும் ஒரே நேரத்தில்தான் வியர்க்கும். ஐப்பசி, கார்த்திகை இடியும் இரண்டுக்கும் பொது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் கரண்ட் போனதே, அதுவும் இரண்டுக்கும் பொதுதான்.

கல்லடிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் லேடி மனிங் பெயரில் கட்டிய பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றில் திருத்த வேலை நடந்தால் மற்றது உதவும். ஆனால் 1978 நவம்பர் 23 சூறாவளியைப் போலவோ 2004 டிசம்பர் 26 கடலைப் போலவோ ஒன்று வந்தால் இரண்டையும் சேர்த்தே வந்து பார்க்கும். மண்முனைப் பாலம் அப்படியல்ல. 2014இல் திறந்தது, பல மைல் தெற்கே. ஆரையம்பதியிலிருந்து மண்முனை வழியாகப் படுவான்கரைக்கு இறங்கி, வவுணதீவு சுற்றி நகருக்கு வருவது நீண்ட பாதைதான்; ஆனாலும் வேறு பாதை. உங்கள் இடத்துக்கு வரும் வெளி லைன்கள் இரண்டும் ஒரே பாலத்தின் மேல் ஒரே குழாயில் வருகின்றனவா என்று ஒரு நாள் விசாரித்துப் பாருங்கள்.

இன்னொரு பொதுப் பழுது கண்ணுக்குத் தெரியாதது: இரண்டு கார்டிலும் ஓடுவது ஒரே சொஃப்ட்வெயர். 1990 ஜனவரி 15ஆம் திகதி அமெரிக்காவில் ஏடி&டியின் நெடுந்தூர வலையமைப்பு ஒன்பது மணித்தியாலம் தடுமாறியது. நியூயோர்க்கில் ஒரு சுவிட்ச் சின்னக் கோளாறு ஒன்றால் தன்னைத்தானே மீளத் தொடக்கிக்கொண்டு, "நான் வந்துவிட்டேன்" என்று அயல் சுவிட்சுகளுக்குச் செய்தி அனுப்பியது. அதை வாசித்த சொஃப்ட்வெயரில் ஒரு பிழை. அயல் சுவிட்சின் புரொசெசர் தடுக்கி விழுந்தது. அதன் மாற்றுப் புரொசெசர் எழுந்து அதே புரோகிராமை ஓட்டி அதே இடத்தில் விழுந்தது. பிறகு அதுவும் எழுந்து "நான் வந்துவிட்டேன்" என்றது. இப்படியே 114 சுவிட்சுகளிலும் பரவியது. கார்ட் ஒன்றும் பழுதில்லை. ஆகவே உங்கள் இரண்டாவது கார்ட் எதற்கெல்லாம் காவல், எதற்குக் காவல் இல்லை என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இனி வேலைக்கு வருவோம்.

பெட்டியை வந்த உடனே திறக்காதீர்கள். குளிரூட்டிய பஸ்ஸில் இரவு முழுவதும் வந்த கார்டை மட்டக்களப்பின் ஈரக் காற்றில் திறந்தால் அதன் மேல் பனி படியும். உறையோடு சேர்வர் அறையில் சில மணித்தியாலம் கிடக்கட்டும். பிறகு திறந்து, பின்னாலுள்ள ஊசிகளில் ஒன்றாவது வளைந்திருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நினைவக அளவு பழையதோடு ஒத்துப்போகிறதா, உங்கள் ரிலீஸுக்குரிய சொஃப்ட்வெயர் கையில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். வெளியே மழை கொட்டினாலும் ஏசி அறைக்குள் காற்று காய்ந்ததுதான், உடம்பில் நிலைமின் சேரும். மணிக்கட்டுப் பட்டி கட்டாமல் கார்டைத் தொடாதீர்கள். அந்தப் பட்டியை மாட்டும் எர்த் உண்மையிலேயே எர்த்தா என்பது தனிக் கதை.

முதல் நாள் எல்டி 43 என்ற பராமரிப்புப் புரோகிராமில் ஈடிடி கட்டளை கொடுத்து டேட்டாபேஸை எழுதுங்கள். எழுதி முடிந்தது என்ற செய்தியை வாசித்த பிறகு ஒரு பிரதியை அந்த அறைக்கு வெளியே வையுங்கள், முடிந்தால் வேறு கட்டிடத்தில். லப்டொப்பைக் கொன்சோலில் மாட்டி, திரையில் வருவதெல்லாம் ஒரு கோப்பில் பதிவாகும்படி விட்டு, வேலை முடியும்வரை அணைக்காதீர்கள்.

அடுத்தது எந்தக் கார்டைக் கழற்றுவது என்பது. சிவப்பு விளக்கு எரிவதைத்தானே என்பீர்கள். ஆம், அதைத்தான். ஆனாலும் நான் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1989 ஜனவரி 8ஆம் திகதி லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் போன ஒரு போயிங் 737-400 விமானத்தில் இடது எஞ்சினின் விசிறி இலை ஒன்று முறிந்தது. உதறல், புகை. விமானிகள் வலது எஞ்சினை அணைத்தார்கள். நல்ல எஞ்சினை. அணைத்ததும் உதறல் குறைந்தது, புகையும் குறைந்தது. தானியங்கி விசைக் கட்டுப்பாடு விலகியதால் பழுதான எஞ்சின் தற்செயலாகச் சற்று அடங்கியிருந்தது. சரியானதைத்தான் அணைத்தோம் என்று அவர்கள் நம்பிவிட்டார்கள். வலதை அணைத்ததாக விமானி ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, இடது பக்கம் நெருப்பைக் கண்டிருந்த பயணிகள் பலர் இருந்தார்கள். ஒருவரும் எழுந்து போய்ச் சொல்லவில்லை. தரையிறங்க முயன்றபோது இடது எஞ்சினும் நின்றது. கெக்வேர்த் என்ற ஊரருகே நெடுஞ்சாலைக் கரையில் விமானம் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

உங்கள் அறையில் யாரும் இறக்கப் போவதில்லை, அவசரக் கோல் ஒன்று எடுபடாமல் போனாலொழிய. ஆனால் இரட்டைச் சிஸ்டங்களில் பெரிய விபத்து அநேகமாக இப்படித்தான் வருகிறது: ஒன்று பழுது, கை போவது நல்லதன் மேல். ராக்கின் முன்னால் ஒட்டியிருக்கும் லேபலை நம்பாதீர்கள், அது எந்தக் காலத்தில் யார் ஒட்டியதோ. எல்டி 135க்குப் போய் நிலையைக் கேளுங்கள். கோர் 0 ஓடுகிறதா, கோர் 1 ஓடுகிறதா என்று சிஸ்டமே சொல்லும். அதைத் தாளில் எழுதி, ஓடும் கார்டின் மேல் "தொடாதே" என்று சிவப்பு நாடா ஒட்டுங்கள். இன்னொருவரை அறைக்குள் வைத்திருங்கள். அவருக்கு டெலிபோன் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் செய்யப் போவதை உரத்துச் சொல்ல வேண்டும், அவர் தாளைப் பார்த்து "ஓம்" என்று சொன்ன பிறகே கை போக வேண்டும். உங்களைவிட மூத்த உத்தியோகத்தரைக் கூப்பிடாதீர்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். அவர் சொல்வதை மறுக்க உங்களுக்குத் தயக்கம் வரும், நீங்கள் பிழை விட்டால் அவர் குறுக்கே பேசுவார், இரண்டும் உதவாது. "அக்கா, அது மற்றப் பக்கம் எல்லோ" என்று துணிந்து சொல்லக்கூடிய ஒரு தம்பி போதும்.

ஸ்பிளிட் கட்டளை கொடுத்து இரண்டு பக்கத்தையும் பிரித்த பிறகு கார்டைக் கழற்றலாம். கேபிள் ஒவ்வொன்றையும் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். பழைய கார்டில் டொங்கிள் இருக்கும், பொத்தான் பற்றரி அளவில் வட்டமாக. உங்கள் லைசென்ஸ் எல்லாம் அந்தப் பொத்தானோடு கட்டுப்பட்டவை. அதைப் புதுக் கார்டுக்கு மாற்றாவிட்டால் கார்ட் எழும், வேலை செய்யாது. இதைப் பழைய கார்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு எங்கே என்று தேடிய இடங்களும் உண்டு.

இப்போது முதலில் நினைவில் வைக்கச் சொன்ன விடயம். உங்களிடம் வந்தது பழைய கார்ட் என்றால், அதன் கொம்பக்ட் ஃபிளாஷில் வேறு யாரோ ஒரு கொம்பனியின் டேட்டாபேஸ் இருக்கலாம், அவர்களுடைய எக்ஸ்டென்ஷன் இலக்கங்களோடு. ஜொயின் கட்டளை கொடுத்ததும் ஓடும் பக்கத்திலிருந்து காத்திருக்கும் பக்கத்துக்கு நகல் போகும். உங்கள் பழைய நல்ல கார்ட் ஓடும் பக்கமாக இருக்கும்வரை பிரச்சினையில்லை. ஏதோ காரணத்தால் புதியது ஓடும் பக்கமாகி, அதன் பிறகு நீங்கள் சேர்த்தால், எந்த ஊரோ ஒரு அலுவலகத்தின் இலக்கங்கள் உங்கள் இலக்கங்களை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதனால் பழைய ஃபிளாஷை நம்பாமல் சொஃப்ட்வெயரைப் புதிதாகவே ஏற்றுங்கள். ஜொயின் கொடுக்கும் முன் நிலையை இன்னொரு முறை கேட்டு வாசியுங்கள். முதல் நாள் எடுத்த பிரதி வேறு கட்டிடத்தில் ஏன் இருக்க வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம்.

நகல் முடிய நேரம் எடுக்கும். திரை சும்மா இருக்கிறதே என்று எதையும் அழுத்தாதீர்கள். தேநீர் வெளியே.

இரண்டும் ஒத்துப்போய்விட்டன, விளக்குகள் சரி, எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் புதுக் கார்ட் இன்னும் ஒரு கோலைக்கூடக் கவனித்ததில்லை. காத்திருக்கத் தெரியும் என்பதை மட்டும்தான் காட்டியிருக்கிறது. ஆகவே அன்றைக்கே மாறிப் பாருங்கள். வரவேற்பறையில் ஒருவர் வெளி லைனில் பேசிக்கொண்டே இருக்கட்டும். எஸ்சிபியூ கட்டளை கொடுத்து புதியதை ஓடும் பக்கமாக்குங்கள். பேசிக்கொண்டிருக்கும் கோல் அறுபடக் கூடாது. அந்தக் கணத்தில் டயல் செய்துகொண்டிருந்தவர்கள் திரும்ப அடிக்க வேண்டி வரலாம், அது வழமை. பிறகு ஒரு கிழமை புதியதிலேயே ஓட விடுங்கள். பழுதாக வேண்டிய கார்ட் பெரும்பாலும் ஆரம்பத்தில்தான் பழுதாகும். அப்போது மற்றது காத்துக்கொண்டிருக்கும்.

எப்போது செய்வது என்று கேட்டிருந்தீர்கள். போயா நாளில் செய்யச் சொல்கிறார்கள், கோல் குறைவு என்று. நான் செய்ய மாட்டேன். கோல் குறைவுதான், ஆனால் சிக்கல் வந்தால் கொழும்பில் டெலிபோனை எடுக்க ஆள் இருக்காது, ஸ்டோர்ஸ் திறக்காது. நள்ளிரவும் அப்படியே, அதோடு உங்கள் கண்ணும் சொருகும். செவ்வாய்க்கிழமை விடிய ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். உங்களுக்கு மூளை தெளிவாக இருக்கும். குழம்பினால் எட்டு மணிக்கு உதவி கிடைக்கும். தொடங்கும் முன் அவசரப் பிரிவில் சிஸ்டத்தைத் தொடாமல் நேரே வரும் தனி லைன் ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று அடித்துப் பாருங்கள். அங்கே ஒரு கைத்தொலைபேசியும், முக்கிய இலக்கங்கள் எழுதிய ஒரு தாளும் இருக்கட்டும். இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது, "இன்னும் அரை மணித்தியாலம் பார்ப்பமே" என்று யாராவது சொல்வார்கள்.

பழைய கார்டை எறிய வேண்டாம், அப்படியே விற்கவும் வேண்டாம். டொங்கிளை எடுத்தாயிற்றா என்று பார்த்து, ஃபிளாஷைக் கழற்றி உடைத்துவிடுங்கள். உங்கள் இடத்தின் எல்லா இலக்கங்களும் அதில் இருக்கின்றன. கார்டின் மேல் பழுதான திகதி, அப்போது திரையில் வந்த செய்தி, மாற்றிய திகதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். இரண்டு திகதிகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலாளர் வாசிக்கும்படி கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பற்றரி பற்றி நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இங்கே இடமில்லை. 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் நின்ற காலத்தில் அடிவாங்கிய பற்றரிகள்தான் இன்னும் அந்த யூபிஎஸ்ஸில் இருக்கின்றன என்றால், கார்டைத் தொடும் முன் அதைச் சோதிக்க வேண்டும். பற்றரி ஒவ்வொன்றின் வோல்ட்டையும், லோட் உள்ளபோதும் இல்லாதபோதும், அளந்து எனக்கு அனுப்புங்கள். எர்த் அளவையும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன்